மூன்றாவது கேள்வியில் ராகுவும் கேதுவும்

குளுவாங்,
வெள்ளிக்கிழமை

பேரன்பு மிக்க ஷர்மினி அண்ணி அவர்களுக்கு,

நாத்தனார் ரூபினி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் மகளும் சுகம். நீங்கள் பிரசவத்துக்குப் போன நாளிலிருந்து அண்ணன் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார், ஆகவே அவர் எங்கள் எல்லோரையும்விடச் சுகம். கெலாங் பாத்தாவில் நீங்களும், என் புது மருமகளும், உங்களைக் காவல் காக்கும் புஷ்பவள்ளி அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமில்லாமல் இருப்பது நீங்கள் என்னை நம்பி எட்டு வாரத்துக்கு ஒப்படைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் புரோகிராமிங் வகுப்பு ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஃபோனில் பேசியிருக்கலாம். இரண்டு முறை பேசிப் பார்த்தேன். அத்தை எடுத்தார். "பச்சை உடம்புக்காரி, நாப்பது நாளைக்கு ஃபோனைப் பாத்தா கண்ணு போயிரும், ரொம்பப் பேசினா காத்துப் புடிச்சிரும்" என்றார். "அப்ப லெட்டர் எழுதினா படிக்கலாமா அத்தை?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "காகிதம்னா பரவால்ல, அதுல வெளிச்சம் இல்ல" என்றார். ஆகவே நாளைக் காலை அண்ணன் கொண்டுவரும் பையில் பூண்டு, நல்லெண்ணெய், சுறாக் கருவாடு இவற்றுக்கு அடியில் இது இருக்கும். எண்ணெய் பட்டிருந்தால் மன்னிக்கவும்.

அண்ணி, நீங்கள் போகும்போது எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பரீட்சைத் தாள் ரெடியா இருக்கு ரூபி, எதையும் மாத்தாதே." நான் மாற்றிவிட்டேன். முழுவதையும் இல்லை, மூன்றே மூன்று கேள்விகளை. திட்டுவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள். உங்கள் தாளில் எல்லாம் எக்ஸ், ஒய், ஏ, பி. நம் பன்னிரண்டு பேரும் பகல் முழுக்க ஃபேக்டரியிலும் லாரியிலும் கடையிலும் நின்றுவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்காருகிறவர்கள். எக்ஸ் என்றதும் பாதிப் பேர் முகம் பல் டாக்டரிடம் வந்த மாதிரி ஆகிவிடுகிறது. போன மாதம் இரண்டு கூட்டல் மூன்று பெருக்கல் நான்கு எவ்வளவு என்று போர்டில் எழுதிக் கேட்டேன், எட்டுப் பேர் இருபது என்றார்கள். அதையே, "சட்டியில ரெண்டு தோசை இருக்கு, நாலு பேர் வராங்க, ஆளுக்கு மூணு சுடணும், மொத்தம் எத்தனை தோசை?" என்று கேட்டேன். பன்னிரண்டு பேரும் பதினான்கு. ஒருத்தர்கூடத் தப்பவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அண்ணி. நாலு வருஷம் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு மூன்று வருஷமாக வீட்டில் டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தவளுக்கு, எனக்கும் ஒன்று தெரியும் என்று தோன்றிய நாள் அது. அந்த ஆட்டத்தில்தான் தாளில் கை வைத்தேன்.

முதல் கேள்வி எக்ஸ்பிரஷன், கூட்டலா பெருக்கலா எது முதலில் என்பது. அதே தோசைதான், எண்ணை மட்டும் மாற்றினேன். சட்டியில் நான்கு, ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு, பதினான்கு வரவேண்டும். எல்லோரும் சரியாக எழுதினார்கள், லாரி ஓட்டும் கனகராஜ் அண்ணனைத் தவிர. அவர் "13" என்று எழுதி, பக்கத்தில் சின்ன எழுத்தில், "மொதல் தோசை எப்பவும் பிஞ்சிரும் மிஸ்" என்று விளக்கமும் கொடுத்திருந்தார். அவருக்குக் கணக்குத் தெரிகிறது, பெருக்கலை முதலில் செய்யவேண்டும் என்று தெரிகிறது, தோசையும் தெரிகிறது. தோசை தெரிந்ததுதான் தப்பாகிவிட்டது. பாதி மதிப்பெண் போட்டேன், அப்புறம் அந்தப் பாதியை நினைத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது கேள்வி ஃபங்ஷன், நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வேலை செய்கிற கட்டளைக் கட்டு. 'கடைக்குப்_போ' என்று ஒரு ஃபங்ஷன் எழுதினேன். அதனிடம் 'பால்' என்று கொடுத்தால் "போய்விட்டு வந்தேன்" என்று திரையில் காட்டும், அவ்வளவுதான். எதையும் திருப்பிக் கொடுக்கும் வரி அதில் கிடையாது. கூப்பிட்டவருக்கு என்ன திரும்பி வரும் என்பது கேள்வி. பதினொரு பேர் 'பால்' என்று எழுதினார்கள். நுஸ்ரத் மட்டும் "ஒன்றும் வராது" என்று எழுதியிருந்தார். எழுந்து கை தட்டாத குறை. கீழே அடுத்த வரியைப் படித்தேன். "எங்க வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்புனா நாலு பேர்கிட்ட பேசிட்டு வெறுங்கையோடதான் வருவார் மிஸ்." அலமாக், அட கடவுளே! விடை சரி, காரணம் ஆகிலுடைய தலையில். ஆகில் அவர் வீட்டுக்காரர், பேருந்து நிலையம் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். முழு மதிப்பெண் போட்டேன். வேறென்ன செய்ய? விடைத்தாளில் "ஒன்றும் வராது" என்றுதானே இருக்கிறது, யாருடைய வீட்டுக்காரர் என்று இல்லையே.

மூன்றாவது கேள்விதான் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. லூப், நிபந்தனை முடியும்வரை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. நவக்கிரகம் சுற்றுவதை வைத்து எழுதினேன். சுற்று ஒன்றில் தொடங்கும். ஒன்பதைத் தாண்டாதவரைக்கும் 'வலம்' என்ற சொல்லையும் எத்தனையாவது சுற்று என்பதையும் திரையில் காட்டு, சுற்றோடு ஒன்றைக் கூட்டு. திரையில் என்னென்ன தெரியும் என்று வரிவரியாக எழுதவேண்டும். வலம் ஒன்று, வலம் இரண்டு என்று வலம் ஒன்பது வரை. ஆறு மதிப்பெண். இதே மாதிரி ஒன்றை முந்தின வாரம் போர்டிலும் போட்டுக் காட்டியிருந்தேன். நுஸ்ரத்கூட, "நாங்க நவக்கிரகம் சுத்துனதில்ல மிஸ், ஆனா ஒம்பதுன்னா ஒம்பதுதானே?" என்று சொல்லிச் சிரித்தார். என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன், அழகாக ஒன்பது சுற்று சுற்றி நின்றது. அப்புறம்தான் பயிற்சி நிலையத்தின் தாளில் ஏற்றினேன். தாள் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது நிலையத்தை நடத்தும் ஜெயபாலன் சாரின் சட்டம், உங்களுக்குத் தெரியாததா. என் தோசையும் கடையும் கோயிலும் சேர்ந்து மூன்றாம் பக்கத்துக்கு வழிந்துவிட்டன. வரிகளை இப்படி இழுத்து அப்படித் தள்ளி ஒருவழியாக இரண்டே பக்கத்தில் அடக்கிவிட்டேன். அப்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பரீட்சை அன்றைக்கு எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். செல்வராணி அக்கா மட்டும் கையைத் தூக்கினார். பாலோவிலிருந்து வருகிறவர், கையுறை ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷமாகப் பேக்கிங் லைனில் நிற்கிறவர், வகுப்பில் கடைசி வரிசை, யாரோடும் அதிகம் பேசமாட்டார். "மிஸ், மூணாவது கேள்வியில…" என்று ஆரம்பித்தார். எனக்கு முதல் பரீட்சை அண்ணி, ஜெயபாலன் சார் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கிறார். "பரீட்சை நேரத்துல கேள்வியைப் பத்திக் கேக்கக் கூடாதுக்கா, கேள்வியெல்லாம் சரியாத்தான் இருக்கு, உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார், எழுதினார்.

என்ன எழுதினார் தெரியுமா? வலம் ஒன்று முதல் வலம் ஏழு வரை, அதற்குக் கீழே 'இடம் ஒன்று', 'இடம் இரண்டு'. ராகுவுக்கும் கேதுவுக்கும் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டார் அண்ணி! மற்ற பதினொரு பேரும் ஒன்பது வரை அச்சடித்த மாதிரி எழுதியிருக்க, இவர் ஒருவர் மட்டும் கோயிலுக்குப் போய்விட்டார். விடைத்தாளோடு ஒத்துப் பார்த்தால் தப்பு. ஆறுக்குப் பூஜ்யம். கூட்டிப் பார்த்தால் மொத்தம் நாற்பத்தாறு. தேர்ச்சி ஐம்பது.

நாற்பத்தாறு என்பது இன்னொரு ஆளுக்கு வெறும் நம்பர். இவருக்கு அப்படி இல்லை. அந்த ஃபேக்டரியின் பேக்கிங் லைன் வருகிற மாதம் அவ்வளவு தூரத்தில் இருக்கும் பாசிர் கூடாங்குக்குப் போகிறது. இங்கே மிச்சம் இருக்கப்போவது மிஷின்களைத் திரையில் பார்த்துக்கொள்கிற கண்ட்ரோல் அறை மட்டும்தான். நம்முடைய சான்றிதழ் இருந்தால் அந்த அறையில் வேலை, இல்லாவிட்டால் லைனோடு பாசிர் கூடாங். வீட்டுக்காரர் சின்னத்தம்பிக்கு வாரத்தில் மூன்று நாள் குளுவாங்கில் டயாலிசிஸ், காரை ஓட்டுகிறவர் இந்த அக்காதான். வேறு ஆள் கிடையாது. இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை, கனகராஜ் அண்ணன் சொன்னார். சொல்லியிருக்காவிட்டால் நன்றாக இருந்திருக்கும், நான் நிம்மதியாகப் பூஜ்யம் போட்டிருப்பேன்.

புதன்கிழமை அவரை நிலையத்துக்கு வரச் சொன்னேன். மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"அக்கா, இங்க ஏன் இப்படி எழுதுனீங்க?"

"ஏன் மிஸ், தப்பா? ராகு கேதுவுக்கு எதிர்ப்பக்கம்தானே சுத்தணும்? நீங்க கோயிலுக்குப் போறதில்லையா?"

"போவேன்க்கா. ஆனா கம்ப்யூட்டருக்கு ராகு கேது தெரியாதே."

"தெரியாதுன்னா நாமதான் சொல்லிக் குடுக்கணும் லா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அக்கா, கோயில்ல எப்படிச் சுத்துறதுன்னு நான் கேக்கல. தாள்ல என்ன எழுதியிருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. "தாள்ல எழுதியிருந்ததைக் கேக்கத்தான் மிஸ் கை தூக்கினேன். தெரிஞ்சதை எழுதுங்கன்னு சொன்னீங்க. எனக்குத் தெரிஞ்சது இதான்." தாளைத் தன் பக்கம் திருப்பி, "மொதல்ல வேற எழுதினேன். அப்புறம் மிஸ் போட்ட கேள்வி தப்பா இருக்குமான்னு அடிச்சிட்டேன்" என்றார்.

அந்தப் பக்கத்தில் மேலே ஒரு வரி, பேனாவால் குறுக்கும் நெடுக்குமாக அடித்துக் கிடந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அடித்த விடையைத் திருத்தக் கூடாது என்று உங்கள் குறிப்பிலேயே சிவப்பு மையில் இருக்கிறது, அதையாவது மாற்றாமல் இருப்போம் என்று நினைத்தேன். "அடிச்சதை விடுங்கக்கா" என்றேன். அதற்குள் மகள் அவருடைய பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்ன ஆரம்பித்துவிட்டாள். அவர் மீதிப் பாக்கெட்டையும் அவளிடம் கொடுத்துவிட்டு, "சரி மிஸ், என்ன வருதோ போடுங்க" என்று எழுந்து போய்விட்டார். கெஞ்சியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜெயபாலன் சாரிடம் போனேன். "கேள்வி இருக்கு, பதில் இருக்கு. ஒத்துப் பாரு, போடு. இதுல நீ எதுக்கும்மா யோசிக்கிற?" என்றார். ஒன்பது வரியில் ஏழு வரி சரிதானே சார், ஆறுக்கு நான்கு போடலாமா, சரியாக ஐம்பது வந்துவிடும் என்றேன். "நாளைக்கு கண்ட்ரோல் ரூம்ல மிஷினையும் ஏழு சுத்து இந்தப் பக்கம், ரெண்டு சுத்து அந்தப் பக்கம் ஓட்டினாங்கன்னா நீ போய் நிறுத்துவியா?" என்று கேட்டார். கேட்டது அவர்தான், ஆனால் அது எனக்குள்ளும் இருந்த கேள்வி. இரக்கப்பட்டு நான்கு மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டு, அங்கே ஒரு மிஷின் யார் கையையாவது இழுத்துவிட்டால்? போடாமல் விட்டு, அவர் பாசிர் கூடாங் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது இங்கே டயாலிசிஸ் கதவு மூடிவிட்டால்? இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்து எனக்கே தலை சுற்றுகிறது. என் லூப்பில் நிறுத்தும் நிபந்தனையே இல்லை.

உண்மையில் நான் யாருக்குப் பரீட்சை வைத்தேன் என்றே இப்போது தெரியவில்லை. தோசை தெரிந்த கனகராஜ் அண்ணன் பாதி இழந்தார். வீட்டுக்காரரைத் தெரிந்த நுஸ்ரத் முழுதும் வாங்கினார். நவக்கிரகம் தெரிந்த செல்வராணி அக்கா பூஜ்யம். தெரிந்ததை எழுதுங்கள் என்று சொன்னவள் நான். அதைவிட மோசமான ஒரு யோசனையும் வருகிறது, அந்தப் பதினொரு பேருக்கு லூப் புரிந்ததா, இல்லை போர்டில் நான் போட்டதை மனப்பாடமாக இறக்கினார்களா என்று. விடைத்தாளில் அதற்கு இடமில்லை. உங்கள் எக்ஸுக்கும் ஒய்க்கும் கோயில் கிடையாது, குடும்பம் கிடையாது, அதனால்தான் நீங்கள் அவற்றை வைத்தீர்கள் என்று இப்போது புரிகிறது. புரிந்து என்ன செய்ய.

ஆகவே அண்ணி, முடிவு உங்களுடையது. நாற்பத்தாறா, ஐம்பதா? திங்கட்கிழமை காலை மதிப்பெண்ணை ஏற்றவேண்டும். அண்ணன் ஞாயிறு சாயங்காலம் திரும்புகிறார். தயவுசெய்து வாயால் சொல்லி அனுப்பவேண்டாம், நுஸ்ரத் எழுதிய விடை அண்ணனுக்கும் அப்படியே பொருந்தும். ஒரு துண்டுத் தாளில் எண்ணை மட்டும் எழுதி அவர் சட்டைப் பையில் போட்டு, பட்டனையும் போட்டு அனுப்புங்கள். நீங்கள் எது சொன்னாலும் அதுதான். நான் இனி எதையும் மாற்றமாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். பத்தியக் குழம்பை முகம் சுளிக்காமல் சாப்பிடுங்கள். என் மருமகள் நோய்நொடியில்லாமல், நிறைய முடியோடும், அப்பாவின் மறதி இல்லாமலும் வளர அவளுடைய அத்தை மனதார ஆசீர்வதிக்கிறேன். மகள் தூக்கத்தில் என்னைத் தேடுகிறாள், இத்துடன் நிறுத்துகிறேன்.

தங்கள் அன்பும் பயமும் நிறைந்த நாத்தனார்,
ரூபினி

பி.கு.: அண்ணி, மேலே எழுதிய எதையும் பொருட்படுத்தவேண்டாம். எண் எழுதி அனுப்பவேண்டாம். சனிக்கிழமை காலை ஏழரை மணி, அண்ணன் காரில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறார், அவசரத்தில் எழுதுகிறேன். கடிதத்தோடு உங்களுக்குக் காட்ட ஒரு தாள் வைக்கலாமே என்று மூன்றாவது கேள்வியைத் தாளைப் பார்த்து, உள்ளது உள்ளபடி, இடைவெளிகூட மாறாமல் லேப்டாப்பில் அடித்து ஓட்டினேன். வலம் 1, வலம் 1, வலம் 1, வலம் 1 என்று திரை முழுக்க ஓடுகிறது, நிற்கவே இல்லை, லேப்டாப் சூடாகி விசிறி கத்துகிறது, மகள் எழுந்துவிட்டாள். இரண்டு பக்கத்தில் அடக்க வரிகளை இழுத்துத் தள்ளினேன் அல்லவா? "சுற்றோடு ஒன்றைக் கூட்டு" என்ற வரி லூப்புக்கு உள்ளே தள்ளி நிற்கவேண்டியது, இடது ஓரத்துக்கு இழுபட்டு லூப்புக்கு வெளியே வந்துவிட்டது, வரிக்கு முன்னால் உள்ள இடைவெளியை வைத்துத்தானே அது உள்ளேயா வெளியேயா என்று கம்ப்யூட்டர் பார்க்கும். லூப் முடிந்த பிறகுதான் கம்ப்யூட்டர் அந்த வரிக்கு வரும். லூப்போ முடியாது. பதினொரு பேரும் நான் நினைத்ததை எழுதியிருக்கிறார்கள். செல்வராணி அக்காவின் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அடித்த வரியைப் படித்தேன். "வலம் 1 தான் வந்துகிட்டே இருக்கும். நிக்காது." அவ்வளவுதான்.

ஃபோன் செய்தேன். இரவு ஷிஃப்ட் முடிந்து பாலோவுக்கு ஃபேக்டரிப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன், ஆறுக்கு ஆறு, ஐம்பத்திரண்டு, தேர்ச்சி என்றேன். "நிக்காதுதானே மிஸ்?" என்றார். "எங்க லைன்ல ஒருவாட்டி பெட்டி எண்ணுற சென்சரை பெல்ட்டுக்கு வெளிய மாட்டிட்டாங்க. பெட்டி போய்க்கிட்டே இருக்கு, நம்பர் ஒண்ணுலயே நிக்குது. நான்தான் ஓடிப் போயி சிவப்பு பட்டனை அமுக்கினேன். அது மாதிரியே இருந்துச்சு தாள்ல." இதை ஜெயபாலன் சாரிடம் திங்கட்கிழமை நானே சொல்வேன், என் தப்பையும் சேர்த்து. மற்ற பதினொரு பேரின் மதிப்பெண்ணில் கை வைக்கப்போவதில்லை, இழுத்துத் தள்ளியது அவர்கள் இல்லையே. பேசி முடித்து ஃபோனை வைக்கலாம் என்று பார்த்தால், செல்வராணி அக்கா இன்னும் லைனில்தான் இருந்தார். "மிஸ், அப்ப அந்த ராகு கேதுவுக்குத் தனியா எத்தனை மார்க்கு?"